மனைவியின் பழைய போன்

என் மனைவி பத்து வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்த நான் அதையே மறந்துபோனேன்.

அவளுடைய போனின் கண்ணாடி உடைந்திருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. ஈப்போவில் புதியது வாங்கி, என் போனைப் பார்த்து, சொந்தக்காரர்களின் எண்களை அழகுத் தமிழில் பெயரெழுதிப் பதிந்தேன். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டேன்.

"போன்ல தாப்பாவுல இருக்கற தங்கச்சிய காணோமேங்க?" என்றாள் மறுநாள்.

"பேரு இருக்கே, பாரு."

"மக ஒவ்வொருத்தருக்கும் போட்டுக் குடுத்த படத்தப் பாத்துதானே நான் கூப்புடுவேன்."

"நான் அழுத்தித் தரேன்."

"ஒவ்வொரு வாட்டியும் உங்களையா கேக்கறது?"

உடனே கடைக்கு ஓடினேன். "நல்ல நேரம்லா சார், இப்பதான் அழிக்க எடுத்தேன்," என்று கடைக்காரர் போனைத் திருப்பித் தந்தார்.

வீட்டில் சிம்மைத் திரும்பப் போட்டுக் கொடுத்ததும், அவள் தங்கைக்கான ஸ்ட்ராபெரி படத்தை அழுத்திப் பேசினாள். அடுத்துப் பிரம்புப் படத்தை அழுத்தினாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"நானா பிரம்பு?"

"பின்ன? பள்ளிக்கூடமே சொல்லுமே!"

இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

புதிய போனை நான் வைத்துக்கொண்டேன். அவள் என்னைக் கேட்காமலேயே தினமும் யாரையாவது கூப்பிட்டுப் பேசுகிறாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிட அதிகமாய்ப் பெருமையாக இருக்கிறது.