செருகாத வயர்

என் அக்கா வீட்டுக்காரரைத் தொழில் வட்டாரத்தில் ‘தட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். கல்யாண வரவேற்போ கம்பெனி விழாவோ, எங்கே கூட்டம் ஆட வேண்டுமோ அங்கே இரண்டு ரெக்கார்டு பிளேயரைப் போட்டு, இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டுகிற டி.ஜே. அவர். வேன் ஓட்டுவது, பெட்டி தூக்குவது, வயர் இழுப்பதெல்லாம் நான். தட்டை மட்டும் தொட விடமாட்டார். லேப்டாப்பில் பாட்டுப் போடுகிறவர்களைப் பார்த்தால், “இதுக்கு இஸ்திரி போடப் போகலாம்” என்பார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று தட்டுகளை எல்லாம் விற்றுவிட்டு, ஒரு லேப்டாப்பும் பொத்தான் நிறைந்த டிஜிட்டல் பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்புக்கு விடுதலை என்று சந்தோஷமும்தான்.

“என்ன மாமா, கட்சி மாறிட்டீங்க?”

“உங்க அக்கா நச்சரிப்பு தாங்கலடா,” என்றார், என் வாயையே பார்த்தபடி.

அதற்கு முன் சில நிகழ்ச்சிகள் சொதப்பியிருந்தன. அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டு, ஓடுகிற பாட்டின் தாளத்தோடு சேர்த்துவிட வேண்டும். அவர் சேர்த்ததெல்லாம் முட்டிக்கொண்டு, ஆடியவர்கள் கால் தடுமாறி நின்றார்கள். வயசாகிறது என்று நினைத்தேன். புதுப் பெட்டி வந்ததும் எல்லாம் கச்சிதமாகிவிட்டது. அதில் இரண்டு பாட்டும் திரையில் அலை அலையாக ஓடும். மேட்டோடு மேடு சேர்ந்தால் போதும்.

ஒரு மதிய வரவேற்பில் மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் அமர்க்களப்படுத்தியது. வயருக்கு டேப் ஒட்ட மேசைக்குக் கீழே குனிந்தேன். ஹெட்போன் வயரின் முனை எதிலும் செருகாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பாட்டு நின்றதும் பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஹாலில் இருந்தவர்கள்தான் திரும்பினார்கள். முன்னால் போய் அந்த வயரைத் தூக்கிக் காட்டினேன். மாமா ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“செருகினா கொர்ருங்குதுடா, தலை வலிக்குது. ரெண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. வெளிய தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்? உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே. பாவம், தாங்கமாட்டா.”

மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல்தான் சொன்னார். எனக்கும் அழுகை வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. போய் மிச்ச டேப்பையும் ஒட்டினேன்.

மறுநாள் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“நேத்து வெளிச்சத்துல திரை நல்லாத் தெரிஞ்சுதா அவருக்கு?”

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நிமிரவே இல்லை.

“வாசல் மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாருடா. அப்புறம்தான் நாலு பேர்கிட்ட விசாரிச்சு, அந்தப் பெட்டிய வாங்குங்கன்னு உயிரை எடுத்தேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவேணாம். பாவம், தாங்கமாட்டாரு.”

சரி என்றேன். அவருக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

அடுத்த நிகழ்ச்சியில், கூட்டம் வருவதற்கு முன்பே ஹெட்போன் வயரை எடுத்துப் பெட்டியில் செருகினேன். மாமா பதறிப்போய் என் கையைப் பிடித்தார். ஹெட்போன் சத்தத்துக்கான குமிழை அடிவரை திருகி, ஒன்றுமே வராதபடி வைத்தேன். அவர் கையை எடுத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்ட ஆரம்பித்தார்.