ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்

அம்மா பர்மாக்காரி, அப்பாவுக்கு மயிலாப்பூர். ரங்கூனில் நடந்த அவர்கள் கல்யாணத்தில் மேளமும் இல்லை, தாலியும் இல்லை. அம்மா வீட்டு வழக்கப்படி, தெருவே பார்க்க இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அங்கே அதுதான் கல்யாணம்.

அறுபதுகளின் கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தோம். மயிலாப்பூரில் தாத்தா விட்டுப்போன வீடு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. வெறுங்கழுத்தோடு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துப் பெரியம்மா பதறிப்போனாள். "இன்னா கோலம் இது? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று சாமி அறைக்கு இழுத்துப்போய், ஒரு மஞ்சள் கயிற்றைத் தானே கட்டிவிட்டாள். அப்பா சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்களுக்கு அந்தக் கயிறு போதுமாக இருந்தது.

சில வருஷங்களில் அப்பா போய்விட்டார். பத்தாம் நாள் அந்தக் கயிற்றைக் கழற்றியதும் பெரியம்மாதான். அம்மாவைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் பெரியப்பா, அம்மாவுக்கும் எங்களுக்கும் வீட்டில் பாத்தியதை இல்லை என்றார். கோர்ட்டுக்குப் போனோம். தட்டுக் கதையெல்லாம் இங்கே எடுபடாது என்று எங்கள் வக்கீல், ரங்கூன் கோயிலில் அப்பா தாலி கட்டினதாக எழுதிவிட்டார். அதை அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தோம். அவளும் தலையாட்டினாள்.

கூண்டில் ஏறி, உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "உங்க கழுத்துல தாலி கட்டினது யாரும்மா?"

அம்மா, பெஞ்சில் இருந்த பெரியம்மாவைக் காட்டினாள். "அக்கா."

கோர்ட்டே சிரித்தது. பெரியம்மா மட்டும் தலை குனிந்துகொண்டாள்.

கேஸ் தோற்றது. பர்மா வழக்கத்தை உள்ளபடி சொல்லியிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும் என்று பின்னால் வேறொரு வக்கீல் சொன்னார். தாலியைக் கழற்றும்போது பெண்டாட்டி, பங்கு கேட்டால் யாரோ. என்ன சட்டமோ, என்ன சாஸ்திரமோ!

கே.கே. நகரில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். அன்று சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து கேட்டாள்:

"தெருவே பாத்துச்சே. அந்தத் தெருவ யாருமே கூப்பிட்டுக் கேக்கலியே?"