எண்ணெய்க் கிணற்றுக்குப் பங்காளி

ஆலங்காயத்திலிருந்து வரும் முதல் பஸ் காவலூரில் நிற்பதற்குள் தீர்த்தகிரி மேஸ்திரியின் கை ஜன்னல் வழியாக உள்ளே போய்விடும். டீக்கடைக்கு வரும் பத்திரிகைக் கட்டைக் கண்டக்டர் அந்தக் கையில் வைப்பார். அதிலிருந்து ஆங்கிலப் பத்திரிகையை மட்டும் உருவி, முதல் பக்கத்தை ஏறிட்டும் பார்க்காமல் பின்னால் புரட்டிக்கொண்டே போய், பங்கு விலைகள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பக்கத்தை என் முன்னால் விரிப்பார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, தமிழே எழுத்துக்கூட்டித்தான். ஆனாலும் மூன்றாவது பத்தியின் கீழ்ப்பாதியில் அவர் விரல் தடுமாறாமல் போய் நிற்கும்.

“நம்ப கெணறு இன்னா சொல்லுது, பாருங்க சார்.”

அவர் கிணறு என்பது நீலவாரி ஆயில் என்ற கம்பெனியை. காவிரிப் படுகையில் பூமியைத் துளைத்து எண்ணெய் தேடுகிற கம்பெனி அது. வானாய்வு நிலையத்தில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, இரண்டு வருஷமாக அதன் விலையைப் படித்துச் சொல்லும் வேலையும் சேர்ந்துகொண்டது. சம்பளம் ஒரு டீ. விலை இறங்கியிருந்தாலும் டீ உண்டு.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். கிணறு வெட்டுவதுதான் தொழில். பாறைக்கு வெடி வைத்து வைத்து இடது காது மந்தமாகிவிட்டதால், யாரோடு உட்கார்ந்தாலும் அவரைத் தன் வலது பக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். வழியில் கிணறு தென்பட்டால் சும்மா தாண்டிப் போக மாட்டார். ஒரு சின்னக் கல்லை உள்ளே போட்டு, வலது காதைச் சாய்த்துக் கேட்டு, “இன்னும் பத்து மொழம் போனா ஊத்து கீது” என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு நடப்பார். மைத்துனன் மகள் கல்யாணத்துக்குப் போகிற வழியில் இப்படி மூன்று கிணறுகளுக்குக் கல் போட்டு, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தவர். அவர் வாக்குப் பலிக்காத கிணறுகளும் உண்டு. அவற்றைப் பற்றிக் கேட்டால், “இன்னும் வர்ல, அவ்ளோதான்” என்பார்.

எண்பத்தைந்தில் பட்டணங்களில் பங்கு வாங்கும் காய்ச்சல் பரவியபோது, ஆலங்காயத்தில் ஒரு வங்கி மேலாளரின் வீட்டுக் கிணற்றை மேஸ்திரி ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். மேலாளர் வராந்தாவில் உட்கார்ந்து நீலவாரியின் விண்ணப்பத்தை நிரப்பினார். அது இன்னதென்று மேஸ்திரி கேட்க, எண்ணெய்க்குக் கிணறு தோண்டுகிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் வருகிற லாபத்தில் பங்கு என்று மேலாளர் விளக்கினார். கிணறு, பங்கு என்ற இரண்டு சொற்களுக்கு மேல் மேஸ்திரிக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. பாறை துளைக்கும் கம்ப்ரசர் மிஷின் வாங்க வைத்திருந்த சேமிப்பை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் இது ஒரு மனிதரின் கதையாகப் போயிருக்கும். அவர் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூருக்கு ஏறிப் போனார். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து நல்ல ஏற்றம், நடந்துதான் போக வேண்டும். அந்த ஊரின் கூட்டுக் கிணற்றை வெட்டியவர் அவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிணற்றை ஆழப்படுத்தும் ஒவ்வொரு தடவையும் பங்குள்ள வீடுகள் எல்லாம் மறுபடி கூலியும் வெடிமருந்துச் செலவும் போட வேண்டும். போடாத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது, அதுவரை போட்டதும் போனதுதான். முன்பு பாறை தட்டி எல்லோரும் கிணற்றை மூடிவிடச் சொன்னபோது, மேஸ்திரி ஒருவர்தான் இன்னும் ஒரு வெட்டு என்று மன்றாடினார். மற்ற வீடுகள் இணங்கிப் பணம் போட்டன, சேட்டு என்ற குடியானவர் மட்டும் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த வாரமே ஊற்று பீறிட்டது. இன்றைக்கும் பக்கத்துக் கழனியில் தண்ணீர் பாய, சேட்டின் கேழ்வரகு வானத்தை நம்பி நிற்கிறது.

அதனால் மேஸ்திரி வந்து “கெணறு” என்றதும் எட்டு வீடுகள் புளி விற்ற பணத்தை எடுத்து வைத்தன. முதலில் கொண்டுவந்து வைத்தவர் சேட்டுதான். தனியாளாக விவசாயம் பார்க்கும் அம்மாக்கண்ணு, சொந்தமாக ஒரு ஜோடி உழவு மாடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்தார். மாடு வாடகைக்குக் கிடைக்கும் நாளில் மழை இருக்காது, மழை வரும் நாளில் மாடு கிடைக்காது என்பது அவருடைய பல வருஷத்து வயிற்றெரிச்சல். பங்குகள் எல்லாம் மேஸ்திரியின் பெயரிலேயே வாங்கப்பட்டன. அவர் பெயரைத் தவிர வேறு எதையும் அந்த ஊர் நம்பியிருக்காது.

முதல் ஆறு மாதம் விலை ஏறிக்கொண்டே போனது. போட்டதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்த அன்று, விற்றுவிட்டால் என்ன என்று கேட்டேன். பரிதாபமாகப் பார்த்தார்.

“கெணத்துப் பங்க விக்கிறதா? தண்ணி வர்றதுக்கு முன்னால எவனாச்சும் விப்பானா சார்?”

பிறகு இறக்கம் தொடங்கியது. பங்கின் விலையில் பாதியைத்தான் முதலில் கட்டியிருந்தார்கள். துளை ஆழம் போகப் போகச் செலவு கூடுகிறது, மீதிப் பாதியைக் கட்டுங்கள் என்று கம்பெனி கேட்டது. மேலாளர் தன்னுடையதை வந்த விலைக்கு விற்றுக் கை கழுவினார், மேஸ்திரியையும் விற்கச் சொன்னார். மேஸ்திரிக்கோ கம்பெனி பணம் கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது. “ஆழம் போறாங்கன்னு தெரியுது பாருங்க. நியாயமான ஆளுங்க, கேட்டு வாங்குறாங்க” என்றார். மலைக்குப் போய்ச் சொன்னார். எட்டு வீடுகளும் ஒன்று தவறாமல் மறுபடி பணம் போட்டன. சேட்டுக்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்துவிடக் கூடாதே என்ற பயம் அங்கே எல்லோருக்கும் இருந்தது, சேட்டுக்கு எல்லோரையும்விட அதிகமாக.

போன மாதம் ஒரு காலையில் அவர் விரல் போய் நின்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். ஓரத்தில் சின்னதாக ஒரு செய்தி. துளையில் எண்ணெய் இல்லை, சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள், கம்பெனியையும் கலைக்கப் போகிறார்கள். தமிழில் சொல்லி முடித்தேன்.

“மூடிட்டாங்களா?”

“மூடிட்டாங்க மேஸ்திரி.”

“எவ்ளோ ஆழம் போனாங்களாம்?”

மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றேன். எழுந்து போய் ரோட்டில் நின்று, அந்தத் தூரத்தை அளப்பவர்போல ஆலங்காயம் போகும் பாதையைக் கண்ணுக்கு எட்டிய மட்டும் பார்த்தார். திரும்பி வந்தார்.

“பாறையா, மண்ணா? போட்டிருக்கானா?”

“போடலை.”

“அத்தப் போடாம இன்னா பேப்பரு” என்றார். டீ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. பத்திரிகையை மடித்துக்கொண்டே, “நீங்களும் கூட வாங்க சார். கெணத்த மூடிட்டாங்கன்னு என் வாயால சொன்னா, வெளாட்டுக்குச் சொல்றேன்னு நெனைப்பாங்க” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம். வழியில் இரண்டு கிணறுகள் வந்தன. இரண்டையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதர் நடக்கிற நடையைப் பார்த்தே எனக்கு மனசு தாளவில்லை.

அம்மாக்கண்ணுவின் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கொட்டகை. புல் வேய்ந்து, தரை மெழுகி, இரண்டு முளை அடித்து வைத்திருந்தார், மாடுகள்தான் இன்னும் வரவில்லை. எட்டு வீட்டாரும் அந்தக் கொட்டகை நிழலுக்கே வந்து உட்கார்ந்தார்கள். நான் செய்தியைப் படித்தேன். மேஸ்திரி, “சார் படிச்சது நெசந்தான். நான்தான் உங்கள இதுல இழுத்து வுட்டேன்” என்றார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் அவருக்கும் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. சேட்டு மட்டும் எழுந்து தன் கழனிப் பக்கம் போனார்.

அம்மாக்கண்ணு வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தார். கையில் சுருட்டிய சில நோட்டுகள் இருந்தன.

“இந்தாங்க மேஸ்திரி. இந்த வருசப் புளி வித்தது.”

“எதுக்குக்கா?”

“பக்கத்துல இன்னொண்ணு தோண்டாமயா போய்டுவாங்க? நம்ப கெணத்தையும்தான் எல்லாரும் மூடச் சொன்னாங்க. நீங்க கேட்டீங்களா? என் பங்கு போய்டக் கூடாது, கட்டிடுங்க.”

மற்ற வீட்டுக்காரர்களின் முகங்கள் மேஸ்திரியின் பக்கம் திரும்பின. இரண்டு பெண்கள் தங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய் எடுத்து வந்துவிடுவார்கள்.

மேஸ்திரி அம்மாக்கண்ணு நீட்டிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக அந்த நோட்டுகளின் மேல் மடக்கினார். மடக்கிய கையைத் திறக்கவிடாமல் இறுகப் பற்றிக்கொண்டு நின்றார்.