பாட்டுக்குள் வற்றிய வாவி

எங்கள் பாட்டுக் காணொளியில் இரண்டாவது சரணம் முடியும் வரை வாவி கரைமுட்ட நிற்கும். மூன்றாவது சரணம் தொடங்கும்போது தண்ணீரைக் காணோம். அதே கண்ணா மரம், அதே சட்டை, அதே தோணி. தோணிக்குக் கீழே மட்டும் சேறு. பார்க்கிறவர்கள் இடையில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பின்னால் தள்ளிப் பார்ப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது கல்யாண வீடுகளுக்குக் கமரா தூக்கிக்கொண்டு திரிகிறவள் நான். அப்படியொரு பிழையை இன்றைக்கு விட்டேனென்றால் மாப்பிள்ளை வீட்டார் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. ஊடகம் எடுத்தால் எழுதுகிற வேலை குறைவு என்று யாரோ சொன்னதை நம்பி அந்தப் பாடத்தை எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆசையில் டீச்சர் மண் அள்ளிப் போட்டார். மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டு எழுதிப் பாடி, அதற்கு ஒரு காணொளி எடுத்துத் தவணை முடிவதற்குள் தரவேண்டும்; முதலில் ஒவ்வொரு காட்சியையும் கட்டம் போட்டு வரைந்து காட்டவேண்டும்; அதற்குப் பிறகுதான் போனைத் தொடலாம் என்றார்.

எங்கள் குழுவில் தர்ஷினிக்குக் குரல் இருந்தது. கிஷோரிடம் அவனுடைய அத்தான் கத்தாரிலிருந்து அனுப்பிய போன் இருந்தது. என்னிடம் இரண்டுமில்லை. ஆகவே நான் டைரக்டரானேன்.

பாட்டைத் தர்ஷினியே எழுதினாள். வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம் எழுவான்கரை, மேற்கே வயற்பக்கம் படுவான்கரை. நாங்கள் வயற்பக்கத்து ஆட்கள். படுவான்கரையில் இருக்கும் ஒருத்தியின் சிநேகிதி எழுவான்கரைக்குப் படிக்கப் போய்விடுகிறாள். இரண்டு சரணம் இவள் கரையில் நின்று ஏங்குகிறாள். மூன்றாவது சரணத்தில் பொறுக்க முடியாமல் தனியாகத் தோணி எடுத்துக்கொண்டு வாவியைக் கடக்கிறாள். நான் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் வரைந்தேன். எனக்கு மனிதர் வரைய வராது. தோணி மட்டும் வடிவாக வந்தது.

தோணி மாமாவுடையது. அம்மாவின் தம்பி அவர். வவுணதீவுப் பக்கம், வாவியை ஒட்டிய தாழ்ந்த வயல் வட்டையில் நெல் வெள்ளாமை செய்துகொண்டிருந்தார். வயல் வேலை இல்லாத நாட்களில் வலையும் வீசுவார். வயலுக்குக் கீழே, வாவிக் கரைச் சேற்றில் வளர்கிற கண்ணா மரம் ஒன்று. மார்கழி மழைக்கு வாவி ஏறி, அந்த மரம் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் காலம். அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்று நான் தீர்மானித்துவிட்டேன். தர்ஷினிக்கு நீந்தத் தெரியாது. மாமா கூடவே நிற்பதானால் மட்டும் போகலாம் என்றார் அம்மா. மாமா இரண்டாவது முறை யோசிக்காமல் சம்மதித்தார்.

முதல் சனிக்கிழமை போனோம். மூன்றாவது சரணத்துக்கு ஒத்திகையாகத் தர்ஷினியைத் தோணியில் ஏற்றிவிட்டோம். அவள் சவள் என்கிற துடுப்பைப் பிடித்த பிடியில் தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. கதைப்படி அவள் தனியாகப் போகவேண்டும். ஆகவே மாமாவையும் தோணியில் ஏற்ற முடியாது. கடைசியில் மாமா நெஞ்சளவு தண்ணீரில் இறங்கித் தோணியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றும், நான் கை காட்டும்போது தண்ணீருக்குள் தாழ்ந்துவிடுவதென்றும் முடிவாயிற்று. அந்த ஏற்பாடு நன்றாக இருந்ததால் கரையில் ஏங்கும் காட்சிகளிலும் பின்னால் ஒரு தோணி தானாக அசைவதுபோல் வைத்தேன். அன்று காலை முழுவதும் என் வாயில் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது.

"மாமா, தலை தெரியுது."

அவர் தாழ்வார். மூச்சுமுட்டி எழும்பும்போது தலையில் பாசி தொங்கும். கிஷோர் சிரித்துப் போனை ஆட்டிவிடுவான். நான் அவனுக்கு ஏசிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எடுக்கச் சொல்லுவேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடி நிண்டா முதலை வந்து, நம்மட ஆள்தானே எண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போயிடும் மகள்" என்றார் மாமா.

முதலை உள்ள வாவிதான். அதையும் அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் அவர் அடிக்கடி வயற்பக்கம் திரும்பிப் பார்த்தபடி நின்றார். நான் "ஓம்" என்று தொடங்கச் சொல்லும்போது அவர் கவனம் என்னிடம் இருக்கவேண்டுமல்லவா? "அங்கால என்னத்தப் பாக்கிறீங்க மாமா, இஞ்சால பாருங்க" என்று அதட்டினேன். உடனே திரும்பினார். எங்கள் குடும்பத்தில் மாமாவை அதட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் மழை கொட்டத் தொடங்கியது. இரண்டு சரணம் முடிந்திருந்தது. மூன்றாவதை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாத அம்மா, நனைந்து வந்த மாமாவைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வயல் கிடக்கிற கிடைக்கு இந்தப் புள்ளைகளோட சேந்து உனக்கும் பைத்தியமா?" என்றார். மாமா தலையைத் துவட்டிக்கொண்டே தேத்தண்ணி கேட்டார்.

அந்த வாரம் மழை விடவில்லை. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கிடக்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் அந்த மணல் திட்டை வெட்டி விடுவார்கள்; வாவி கடலுக்குள் இறங்கிவிடும். எப்போது வெட்டுவது என்பதில் ஆளுக்கொரு நியாயம் உண்டு. மீன்பிடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. கமக்காரருக்கு வேறு கணக்கு; கதிர் வரும் பருவத்தில் பயிர் சில நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். அப்போது வாவி வரம்பை ஏறி மாமாவின் வட்டைக்குள் புகுந்திருந்தது. நான் அழகு பார்த்த அந்தத் தண்ணீருக்குக் கீழே அவருடைய வெள்ளாமை கிடந்தது. எனக்கோ மூன்றாவது சரணம் மிச்சம் கிடந்தது.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது எங்கள் வளவில் கமக்காரர் நாலைந்து பேர் நின்றார்கள். பட்டணத்துக்குப் போய் அதிகாரிகளோடு முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றிக் கதைப்பதற்கு மாமாவைக் கூட்டிப்போக வந்திருந்தார்கள். வெளியே உழவு இயந்திரம் நின்றது. நான் புத்தகப் பையோடு நேரே நடுவில் போய் நின்றேன்.

"மாமா, வாற சனி வரைக்கும் வெட்டாம இருக்கச் சொல்லுங்க. எங்களுக்கு இன்னும் ஒரு சரணம் கிடக்கு."

ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா குசினிக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்; அந்தத் தொனியில் அவர் கூப்பிட்டால் நல்லதுக்கு இல்லை. மாமா மட்டும் சிரித்தார்.

"சரி மகள், சொல்லிப் பாக்கிறன்" என்றார்.

போதாதா எனக்கு? உழவு இயந்திரம் தெருவில் மறையும் வரை நின்று பார்த்தேன். அத்தனை பெரிய மனிதரும் எங்கள் மூன்றாவது சரணத்துக்காகவே மழையில் போகிறார்கள் என்றுதான் மனதில் பட்டது. மற்ற இருவருக்கும் ஆள் அனுப்பி, மாமா கதைக்கப் போயிருக்கிறார், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று தைரியம் சொன்னேன். பொழுதுபட மாமா தொப்பலாக நனைந்து வந்தார்.

"வெட்டப் போறாங்க மகள்."

"நீங்க சொல்லல்லயா மாமா?"

"சொன்னன். நாம சொன்ன உடன கேட்டுடுவாங்களா?"

அவர் அங்கே என்ன சொன்னார் என்பது பிறகு ஊரில் கேள்விப்பட்டது. மேசையில் கையால் குத்தி, இன்றைக்கே வெட்டுங்கள், நாளைக்கென்றால் யாருக்கு வெட்டப் போகிறீர்கள் என்று சத்தம் போட்டாராம். அன்று எனக்கு அது தெரியாது. என் பக்கம் நின்று வாதாடித் தோற்று வந்த மனிதர் என்று நினைத்தும், தோற்றுவிட்டாரே என்று அவரோடு கோபித்துக்கொண்டேன். வழக்கமாக அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பது நான். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்துவிட்டேன்.

சொன்னபடி உடனே வெட்டவில்லை. இழுபட்டு இழுபட்டு ஒருவாறு வெட்டினார்கள். அதற்குப் பிறகு வாவி மளமளவென்று இறங்கியது. சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது கண்ணா மரத்தின் வேரெல்லாம் வெளியே தெரிந்தது. தோணி சேற்றில் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் மினுங்கியது. கலண்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டு நான் மரத்தடியில் இருந்து அழுதேன். வேறு துறைக்குப் போகலாம் என்றான் கிஷோர். அங்கே இந்த மரம் இல்லையே என்று இன்னும் கொஞ்சம் அழுதேன். தர்ஷினி போன வாரச் சட்டையையே தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "அழாதகா, இதிலயே எடுப்பம்" என்றாள். எப்படி எடுப்பது என்று அவளுக்கும் தெரியாது.

அப்போது மாமா வரம்பு வழியாக வந்தார். கையில் எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு. தொடை வரைக்கும் சேறு. நான் கோபமாக இருந்ததை அவர் மறந்தேபோனார் போலிருந்தது.

"என்ன டைரக்டர், ஆக்களை வேலைக்குக் கூப்பிட்டுப்போட்டு அழுதுகொண்டிருக்கிறியா? தண்ணி போனா என்ன, தோணி கிடக்குத்தானே. ஏறு புள்ள" என்று தர்ஷினியைத் தோணியில் ஏற்றினார். கயிற்றைத் தோணியின் முன்பக்க அணியத்தில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இழுக்கத் தொடங்கினார். தோணி முதலில் அசைய மறுத்தது. பிறகு சளக்கென்று சேற்றை விட்டுக் கிளம்பியது. தர்ஷினி வெறுங்காற்றில் சவள் போட்டுக்கொண்டே பாடினாள். கயிறும் மாமாவும் தெரியாதபடி நான் கிஷோரை ஒருபக்கம் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். விழுந்து எழும்பி, சேறு பூசி, சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுத முகம் யாருக்கும் ஞாபகமில்லை. தண்ணீர் நிற்கும் இடம் வரைக்கும் மாமா தோணியை இழுத்துக்கொண்டு போனார். கடைசிக் காட்சியில் தண்ணீர்ப் பக்கம் நின்ற கிஷோர் கால் சறுக்கிப் போன் திரும்பிவிட்டது. கயிற்றைத் தோளில் போட்டபடி திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் மாமா அதில் முழுசாக விழுந்துவிட்டார். அதை வெட்டவேண்டும் என்றேன் நான். வெட்டவே கூடாது என்று தர்ஷினி நின்றாள்.

பள்ளியில் போட்டுக் காட்டியபோது தண்ணீர் காணாமற்போன இடத்தில் வகுப்பே சிரித்தது. டீச்சர் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். தர்ஷினிதான் எழும்பி, பிரிவுத் துயரில் வாவியே வற்றிவிட்டது டீச்சர் என்றாள். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்து, நல்ல குறியீடு என்று பாராட்டினார். கடைசியில் சிரிக்கும் மனிதர் யார் என்றும் கேட்டார். அவர்தான் தோணிக்காரன் என்றோம். வகுப்பிலேயே கூடிய புள்ளி எங்களுக்குத்தான். அந்தத் துணிச்சலில் உயர்தரத்திலும் ஊடகம் எடுத்தேன். இன்று என் கையில் உள்ள தொழிலுக்கு அந்தச் சேறுதான் தொடக்கம்.

போன மாதம் வேலைக்கென்று பெரிய திரை ஒன்று வாங்கினேன். முதன்முதல் அதில் எதைப் போட்டுப் பார்ப்பது என்று யோசித்து, அந்தப் பாட்டைப் போட்டேன். அம்மாவும் வந்து பக்கத்தில் இருந்தார். மாமா சிரிக்கும் இடத்தில் நிறுத்தினேன். சின்னத் திரையில் நான் கவனிக்காதது அதில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் வட்டை முழுவதும் மண்ணிறமாகப் படுத்துக் கிடந்தது. ஒரு பச்சை இல்லை.

"அந்த வருசம் அவன்ட வட்டைக்குள்ள வெள்ளாமை வெட்டுற மெஷின் இறங்கல்ல" என்றார் அம்மா. "இது எடுத்த அண்டைக்கு விடியப் போய்ப் பாத்திட்டு வந்து, ஒண்டும் மிஞ்சல்ல அக்கா எண்டு சொன்னான். பிறகுதான் எழும்பி, கிணத்துக் கயிறைத் தா, புள்ளைகள் பாத்துக்கொண்டிருக்கும் எண்டான்."

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொடையில் இருந்தது வாவிச் சேறு அல்ல, வயற்சேறு. மாமா இன்றும் இருக்கிறார், இன்றும் விதைக்கிறார், இன்றும் என்னை டைரக்டர் என்றுதான் கூப்பிடுகிறார். எத்தனை பேருக்கு நான் கடமைப்பட்டிருந்தாலும் முதல் நன்றி அந்த மனிதருக்குத்தான். அதை அவரிடம் சொன்னால் பகிடி பண்ணித் தட்டிவிடுவார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை எல்லாம் முடிந்து தூரத்துத் தண்ணீரில் இறங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்தோம். கோபம் ஆறியிருந்தாலும் என் குறை ஆறவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் தண்ணி நிண்டிருந்தா எவ்வளவு நல்லம் மாமா" என்றேன்.

அவர் குனிந்து தொடையிலிருந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டே, "ரெண்டு நாள் முந்திப் போயிருந்தாலும் நல்லம்தான் மகள்" என்றார்.

நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் எறிந்தேன். அவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.