அப்பா படித்த பலகை

சாரம் பகுதியில் புதிதாகத் திறந்த கண் பரிசோதனை நிலையம். கணினியில் என் கண்ணை அளந்துவிட்டு, அந்தப் பெண் கனத்த சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள். இடக்கண்ணை மறைத்து, வலக்கண் முன்னால் ஒரு வில்லையைச் செருகினாள். அடுத்து என்ன கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். நடைமுறையெல்லாம் அத்துப்படி, பயத்துக்கு அது தெரிந்தால்தானே! வில்லை 'டிக்'கென்று விழுந்ததும் நான் சிறுவனாகிவிட்டேன்.

அப்பா பிரெஞ்சுக்காரர்களின் நகரசபையில் எழுத்தர். பார்வைச் சோதனையில் தவறினால் வேலை போய்விடும். அன்று இதே மாதிரி சட்டத்தோடு விறைப்பாக உட்கார்ந்து, "ஆ, பே, எர்" என்று பிரெஞ்சு எழுத்துகளைத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். காத்திருந்த நேரத்தில் பலகையருகே போய் மனப்பாடம் செய்திருந்தார். அவர் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. எதிரே தொங்கியதோ தமிழ் எழுத்துப் பலகை.

"முசியே, பலகைய அப்பவே திருப்பிட்டேனே," என்றார் கண் பார்ப்பவர். "இப்ப தொங்கறது தமிழு."

"தமிழா? எங்க?" என்று அப்பா சுவரைத் தேடினார்.

என் மூக்கில் சோதனைச் சட்டம் கனத்தது.

"ஐயா, கடைசி வரிய படிங்க," என்றாள் அந்தப் பெண்.

உட்கார்ந்ததுமே, மறைக்கும் முன், இடக்கண்ணால் அதைப் படித்து மனதில் ஏற்றி வைத்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியலம்மா. அதுக்கு மேல் வரியும் தெரியல."

அவள் அடுத்த வில்லையை எடுக்கவில்லை. "கண்ணுல அழுத்தம் பாத்துடலாம். வீட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா, ஐயா?"

"எங்கப்பாவுக்கு. அவரு கடைசிவரைக்கும் தெரியலன்னு சொல்லல."