தொட்டிக்குள் மலைமண்

நான் வளர்த்த பிராணியை எங்கள் தெருக்காரர்கள் ஒரே ஒரு முறைதான் பார்த்தார்கள். நானே அதை அதிகம் பார்த்ததில்லை. அது மண்ணுக்குள் வாழும் ஜீவன். நாய் வளர்த்தவர்கள் நாயைக் கூப்பிட்டு விளையாடினார்கள், கிளி வளர்த்தவர்கள் கிளியோடு பேசினார்கள். நான் ஒரு தொட்டி மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. அப்பா போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். நானும் அம்மாவும் போடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தியது எல்லாம் மலையில்தான். எனக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். பகலெல்லாம் ஒரு வியாபாரியின் கடையில் ஏலக்காய் பொறுக்கும் வேலை. லீவு போட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள் என்பதால் மலைக்குப் போவதே இல்லை. அப்பாதான் எப்போதாவது இறங்கி வருவார். அம்மாவின் தம்பி, என் மாமா, தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினார். அவர் வழியாகத்தான் இரண்டு வீட்டுச் சேதியும் ஏறி இறங்கும்.

அந்த வருஷம் பெரிய லீவுக்கு மாமாவின் ஜீப்பில் நான் மட்டும் அப்பாவிடம் போனேன். கோடை மழை பெய்து மண் இளகியிருந்தது. ஏலச் செடிகளின் தூரைச் சுற்றி ஆட்கள் கொத்திக்கொண்டிருந்தபோது ஒருவர் சட்டென்று பின்வாங்கி மண்வெட்டியை ஓங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். கருநீல உடம்பு, இரண்டு பக்கமும் தலை முதல் வால் வரை மஞ்சள் கோடு. பாம்பு என்று சொல்லச் செதில் இல்லை, மண்புழு என்று சொல்ல அது ரொம்பப் பெரிது. எண்ணெய் பூசினாற்போல் மினுங்கியது. கால் இல்லை, கண் இருப்பதும் தெரியவில்லை. தோட்டத்தில் அதற்கு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். தவளை இனத்தோடு சேர்ந்த ஒன்று என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

மண்வெட்டி இறங்குவதற்குள் நான் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கே ஏன் என்று தெரியாது. அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கினார். நான் அதை எடுத்துப் போய் வளர்க்கப் போகிறேன் என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"கீழ அடிக்கிற வெயிலுக்கு இது ஒரு நா தாங்காது ஆத்தா. விட்டுரு" என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன். தாங்க வைத்துக் காட்டுகிறேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு பிஸ்கட் டின்னில் ஈரமண்ணோடு அதை அடைத்து ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மலையடியில் முந்தல் வந்ததும் அனல் முகத்தில் அடித்தது. டின்னின் வெளிப்பக்கம் சுட ஆரம்பித்தது. குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீரை எல்லாம் அதற்குள் ஊற்றினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சேலை நனைகிறது என்று திட்டினார்கள்.

வீட்டில் அம்மாவிடம் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் டின்னைத் திறந்து பார்த்தாள். உள்ளே அது மண்ணுக்கு மேலே வந்து துவண்டு கிடந்தது. அம்மா ஒரு பழைய மண்பானையை எடுத்துவந்து அதற்குள் எல்லாவற்றையும் கவிழ்த்தாள். தகரம் சூடேறும், பானை குளிர்ந்திருக்கும் என்றாள். இதை எப்படி வளர்ப்பது என்று உனக்கு யார் சொன்னது என்று நான் கொஞ்சம் பொறாமையோடு கேட்டேன்.

"நான் பொறந்த எடத்துல கெடக்கறது. எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் அது என்னுடைய பிராணி என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவள் சொன்னதற்கு மேலே நானாகச் சில காரியங்கள் செய்தேன். ஈரம் வேண்டும் என்றாளே என்று வேளைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். பானையின் அடியில் தண்ணீர் தேங்கி, மண் சேறாகி நாற்றமெடுத்தது. தீனிக்காகப் போட்ட மண்புழுக்கள் செத்து மிதந்தன. தலை எது வால் எது என்று புரியாமல் அதற்கு வால் பக்கமாகவே பல நாள் புழுவைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பானை சரிப்படாது என்று ஆனது. வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற இடத்தை ஒட்டி, எப்போதோ மாடு கட்டியிருந்த காலத்துக் கழுநீர்த்தொட்டி ஒன்று கிடந்தது. கல்தொட்டி. அடியில் தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டை. காலையில் கொஞ்ச நேரம் தவிர வெயில் விழாது. அதுதான் இடம் என்று தீர்மானித்து நாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்துக் கழுவினேன். ஓட்டையில் தேங்காய் நாரைத் திணித்தேன். அடியில் கூழாங்கல் பரப்பினேன். ஆனால் போடி மண் உதவவில்லை. ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிட்டு மறுநாளே பாளம் பாளமாக வெடித்தது.

மாமாவிடம் மலைமண் கேட்டேன். முதலில் அவர் மாட்டேன் என்றார். நான் ஜீப்பின் முன்னால் நின்றுகொண்டேன். வெரசாப் போகணும், ஏறுகிற ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அதட்டிப் பார்த்தார். நகரவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். அன்று மாலை ஒரு சாக்கு நிறையக் கரிய மண்ணும் மேலாகப் பாசியும் வந்து சேர்ந்தது. சோதனைச்சாவடியில் ஏலக்காய் ஒளித்துக் கொண்டுபோகிறாரோ என்று சாக்கைக் கம்பியால் குத்திப் பார்த்தார்களாம். மண்தான் என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டதாம்.

"ஏன்யா, போடியில மண்ணு இல்லியான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?" என்று என்னிடமே கேட்டார்.

அம்மா கடையிலிருந்து கிழிந்துபோன ஏலக்காய்ச் சல்லடை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். அது தொட்டிக்கு மூடியானது. கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதன் தோலுக்கு ஆகாது என்று சொல்லி, குழாயில் பிடிக்கும் நல்ல தண்ணீரில் அதற்கும் ஒரு செம்பு ஒதுக்கினாள். குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காலம் அது. நான் பிடிவாதம் பிடித்து ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவளே சல்லடையைத் தூக்கிப் பாசியை விரலால் தொட்டுப் பார்ப்பாள். முகத்தைத் தொட்டிக்குள் விட்டபடி கொஞ்ச நேரம் குனிந்திருப்பாள். என் வேலையைச் சோதிக்கிறாள் என்று எனக்குக் கோபம் வரும்.

ஒருநாள் விடியற்காலையில் மழை. சல்லடையைப் பூனை தள்ளியதோ என்னவோ, பக்கத்து வீட்டு அக்கா பாம்பு பாம்பு என்று கத்தியது கேட்டு எழுந்து ஓடினேன். துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே ஈரத்தில் அது நெளிந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று பேர் கம்போடு நின்றார்கள். நான் குறுக்கே போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். விலகச் சொன்னார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் துவைகல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா வந்தாள். குனிந்து, இரண்டு கையையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அதை அள்ளி உள்ளங்கையில் ஏந்தி எல்லோருக்கும் காட்டினாள்.

"பேடிக்காதீக. இது பாம்பில்ல. பல்லியவிடச் சாது."

அந்த வார்த்தைக்குச் சிலர் சிரித்தார்கள். போடியில் யாரும் 'பேடிக்காதே' என்று சொல்வதில்லை, பயப்படாதே என்றுதான் சொல்வார்கள். மேலே மலையாளத்தோடு கலந்து பேசிய பழக்கம் அது. ஊருக்குள் இருக்கும்போது அவள் கவனமாக அதைத் தவிர்த்து வந்தாள் என்று எனக்குத் தெரியும். கம்புகள் இறங்கின. அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு மலைக்காரி என்று பெயர். அவள் அதற்குக் கோபப்படவில்லை. என் பிராணியை என்னிடம் கேட்காமல் ஊருக்குக் காட்டிவிட்டாள் என்று நான்தான் கோபப்பட்டேன்.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. நான் பாதி நாளைக் கொட்டகுடி ஆற்றங்கரை வாழைத்தோப்பில் மண்புழு தேடுவதிலேயே கழித்தேன். மண் இறுகிப்போய் புழு கிடைப்பது அரிதாகிவிட்டது. தொட்டியைச் சுற்றி நனைத்த சாக்கைப் போர்த்தினேன். மத்தியானம் தூங்காமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனாலும் பாசி பழுத்தது. கையில் எடுத்தபோது பிராணி நூலாக இளைத்திருந்தது.

அம்மா பார்த்துவிட்டு, கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள். முடியாது என்றேன். இத்தனை செய்தது அப்பா சொன்னதைப் பொய்யாக்கத்தான் என்று அழுதேன்.

"ஒரு நா தாங்காதுன்னாரு. ஒரு மாசத்துக்கு மேல வச்சிருந்துட்ட. ஜெயிச்சாச்சுல்ல, பெறகென்ன? நானும் வர்றேன், வா."

கடைசி வார்த்தையில்தான் நான் திகைத்தேன். என் பிராணிக்காக அம்மா வேலைக்கு லீவு போடுகிறாள். இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. சரி என்றேன்.

ஜீப்பில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். மலை ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. மற்ற பெண்கள் சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றி இழுத்துக்கொண்டார்கள். அம்மா இழுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் அப்பா அவளைப் பார்த்து முதலில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பதறினார். பிறகு, காப்பி போடட்டுமா என்று கேட்டார். அவர் காப்பி போட்டு நான் பார்த்ததே இல்லை.

அதை விடுவதற்கான இடத்தை அம்மாதான் தேர்ந்தெடுத்தாள். ஓடையை ஒட்டி, ஏலச்செடி நிழலில், இலை மக்கிய இடம். கையாலேயே குழி பறித்தாள். நான் அதை வைத்துக் கொண்டுவந்த பானையைச் சாய்த்தேன். அது தலையை மண்ணில் குத்தியது, உடம்பு மொத்தமும் இழுபட்டு உள்ளே போனது. அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தேன். கண் தெரியாத ஒன்று எதற்குத் திரும்பப் போகிறது.

மறுநாள் இறங்குவதாகத்தான் பேச்சு. ஆனால் மாமா ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தும்போதெல்லாம் அம்மா நாளைக்கு என்றாள். பள்ளிக்கூடம் திறக்கிறது, கடையில் இடம் போய்விடும் என்று நானே அவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல்தான் ஏறினாள். வழியெல்லாம் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதற்காக வருத்தப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, அடுத்த லீவில் வேறொன்று பிடித்துத் தருகிறேன் என்றேன். அவள் என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

போடியில் பழையபடி எல்லாம் நடந்தது. ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. வேலையிலிருந்து வந்ததும் அம்மா ஒரு செம்பு நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டி மண்ணில் தெளித்தாள். அதுவும் குழாய் வராத நாளில். குனிந்து, கொஞ்ச நேரம் மூச்சை ஆழ இழுத்தபடி இருந்தாள்.

"அம்மா, அதுல ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். மறுநாளும் தெளித்தாள்.

நான் மாமாவிடம் புகார் சொன்னேன். குடிக்கிற தண்ணீரை வெறும் மண்ணில் கொட்டுகிறாள், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றேன். மாமா பீடியை அணைத்துவிட்டு ஜீப்பின் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். நான் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் ஜீப்பிலிருந்து ஒரு சாக்கை இறக்கிக் கொல்லைக்குத் தூக்கிப்போனார். புது மண், மேலே பச்சைப் பாசி. யாரும் கேட்காமல், யாரும் ஜீப்பை மறிக்காமல் கொண்டுவந்திருந்தார். அம்மா சாக்கைப் பிரித்தாள். அக்காவும் தம்பியும் மண்ணைத் தொட்டியில் நிரவினார்கள்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். பிராணி போய்விட்டது என்பதை மாமாவும் மறந்துவிட்டார் போலிருக்கிறது, பெரியவர்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்று அலுத்துக்கொண்டு விளையாடப் போனேன்.