அக்கா காய்ச்சிய உப்பு

எங்கள் மாரெட்பள்ளி வீட்டு மொட்டைமாடியில் மூன்று செங்கல் வைத்து மூட்டிய அடுப்பு. அதன்மேல் கரடுமுரடான ஒரு மண்பானை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு அக்கா. அவளை நினைத்தால் இந்தக் காட்சிதான் முதலில் வருகிறது. துக்கத்தோடு வருகிறது என்று சொல்ல முடியாது. வருகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது துணி காயப்போடுகிறோம்.

அக்கா தொல்லியல் ஆய்வாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கற்கால மனிதர்களுக்கு உப்பு எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வியோடுதான் அவள் ஆயுள் கழிந்தது. வேட்டையாடி இறைச்சி தின்றவரை மனிதனுக்குத் தனியாக உப்பு வேண்டியிருக்கவில்லை, இறைச்சியிலேயே போதுமான அளவு இருந்தது. தானியம் விளைவித்துக் கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகுதான் உப்பைத் தேடினான் என்பாள். கடலோரத்தில் இருந்தவர்களுக்குக் கவலையில்லை. கடலையே பார்த்திராத தக்காணத்து மக்கள் என்ன செய்திருப்பார்கள்? இங்கே ஒரு கற்கால ஊரைத் தோண்டியபோது தடித்த பானை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. உவர்மண்ணைக் கரைத்து இந்தப் பானைகளில்தான் உப்புக் காய்ச்சினார்கள், அதை அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கொடுத்துக் கல்லும் மணியும் வாங்கினார்கள் என்று அக்கா எழுதினாள். அந்தக் கட்டுரைதான் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒரே ஒரு தெலுங்குப் பேராசிரியர் மட்டும் அவை வெறும் சமையல் பானைகள் என்று கடைசிவரை மறுத்துவந்தார். கருத்தரங்குகளில் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகு அவளுடைய இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் கோத்தது. எங்களோடு வந்து தங்கினாள். டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். என் மனைவி அவளுக்குத் தனியாகச் சமைத்தாள். சப்பென்ற அந்தச் சோற்றை அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவாள். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் சொன்னாள்: “ஒரு தடவை காய்ச்சிப் பாத்துடணும்டா.”

“என்னத்தை?”

“உப்பைத்தான். ஊரெல்லாம் எழுதினேன். என் கையால செஞ்சு பாத்ததே இல்ல.”

என் மகளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இந்த ஊர் உருதுவில் வரும். “கைக்கு அத்தை? நக்கோ. டாக்டர் ரெஸ்ட் போலே நா,” என்றாள். எதற்கு, வேண்டாம், டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னாரே என்று அர்த்தம்.

“இனிமே ரெஸ்ட்தானேம்மா,” என்றாள் அக்கா.

வைக்கோல் பிசைந்த களிமண்ணில் அவளே பானைகளை வனைந்தாள். நான் வேலை பார்க்கும் நாச்சாரம் பீங்கான் தொழிற்சாலைக்குப் பின்னால், காலி இடத்தில் வறட்டி அடுக்கி அவற்றைச் சுட்டோம். ஊருக்கு வெளியிலிருந்து உவர்மண் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை வடிகட்டிக் காய்ச்சினோம். அடுப்பை ஊதியது நான். அருகிலிருந்து பார்த்தது அவள். கடைசியில் பானையின் அடியில் பழுப்பாக ஏதோ படிந்தது. பானையை உடைக்கச் சொன்னாள். அவள் வாயில் வைக்கக் கூடாதென்பதால் என்னிடம் நீட்டினாள்.

“எப்படி இருக்குது?”

“கசக்குது.”

“உப்புதானே?”

“உப்புதான்.”

உடைந்த ஓடுகளை வெயிலில் வைத்தாள். சில நாட்களில் அவற்றின் மேல் வெள்ளை பூத்தது. பிறகு ஓட்டின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. பானைச் சுவருக்குள் ஊறிய உப்பு, காய்ந்தபோது ஓட்டையே பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. அவளுடைய பழைய மாணவி, அகழாய்வில் கிடைத்த ஓடுகள் சிலவற்றைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்றில்கூட அந்தச் செதில் இல்லை. வெளியே அடுப்புக் கரி, உள்ளே ஏதோ அடிப்பிடித்த கறை. அக்கா அவற்றை மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தாள்.

“கஞ்சி,” என்றாள். “கஞ்சிதான் காய்ச்சியிருக்காங்க. இத்தனை வருஷமா அதுல நான்தான்டா உப்புப் போட்டுட்டிருந்தேன்.” சிரித்தாள். மாணவியின் பக்கம் திரும்பி, “நான் சொன்னது தப்புன்னு எழுதிடும்மா,” என்றாள். மாணவி தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். செய்யவேண்டியதை எல்லாம் செய்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

கச்சிபௌலிப் பக்கம் ஓர் அரங்கில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் தக்காணத்தின் உப்பைக் கண்டுபிடித்தவர் என்று அவளைப் புகழ்ந்தார்கள். மாணவியும் அப்படியே பேசினாள். என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். செத்துப்போனவளின் பெயரைக் காப்பாற்ற நினைத்திருப்பாள். எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பேச அழைத்தபோது மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: அவை உப்புப் பானைகள் இல்லை, அக்கா காய்ச்சிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், தப்பு என்று எழுதச் சொன்னாள்.

முன்வரிசையில் அந்தத் தெலுங்குப் பேராசிரியர் தடியை ஊன்றி எழுந்தார். அவரேவா சொன்னார் என்று தெலுங்கில் கேட்டார். அவளேதான், சிரித்துக்கொண்டே சொன்னாள் என்றேன். தன் பக்கம் ஜெயித்துவிட்டது என்று அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்ல உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அந்த அரங்கில் அக்காவுக்காக அழுதவர் அவர் ஒருவர்தான்.